பழைய வண்டிக்கு சீல்டு பேட்டரி: இரண்டு போய் மூன்றாவது நின்ற கதை

என்னிடம் இருப்பது 1980களின் தொடக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிள். செல்ஃப் ஸ்டார்ட், 12 வோல்ட், பேட்டரியைச் சார்ஜ் செய்ய மூன்று ஃபேஸ் ஆல்டர்னேட்டர். வாங்கிய நாளிலிருந்து அதில் இருந்தது ஆசிட் ஊற்றும் பழைய வகை பேட்டரி. மாதம் ஒருமுறை சைடு பேனலைக் கழற்றி, ஆறு செல்லின் மூடியையும் திருகித் திறந்து, மட்டம் இறங்கியிருக்கும் செல்லில் டிஸ்டில்டு வாட்டர் விடுவேன். பேட்டரி என்றால் தண்ணீர் குடிக்கத்தானே செய்யும் என்றிருந்தேன். பின்னால் இரண்டு புதிய பேட்டரிகள் போனதற்கு அந்த நினைப்புதான் காரணம்.

ஒருநாள் பேட்டரியின் வாயு வெளியேறும் வென்ட் டியூப் நழுவி, வெளியே வந்த ஆசிட், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் பெயிண்டை உரித்துவிட்டது. செயின் மேல்பக்கம் முழுக்கத் துரு. அன்றைக்கே, திறந்து தண்ணீர் விடத் தேவையில்லாத சீல்டு பேட்டரிக்கு மாறுவது என்று முடிவு செய்தேன்.

வாங்கும்போது மேலே எழுதியிருக்கும் மாடல் எண்ணை மட்டும் பார்த்தது என் தவறு. பழைய வகையில் 12என்14 என்றிருந்தால் 12 வோல்ட், 14 ஆம்பியர் மணி. சீல்டு வகையில் அந்தக் கணக்கு அப்படியே வராது. ஒய்டிஎக்ஸ்14-பிஎஸ் என்பது 14 அல்ல, 12 ஆம்பியர் மணிதான். எண்ணை விட முக்கியம் டெர்மினல்கள் இருக்கும் பக்கம். டெர்மினல்கள் நம்மைப் பார்க்கும்படி வைத்துப் பாசிட்டிவ் வலமா இடமா என்று கழற்றிய பேட்டரியோடு ஒப்பிட வேண்டும். எனக்குக் கிடைத்தது எதிர்ப்பக்கம். கேபிள் எட்டவில்லை, இழுத்துத் திருப்பி மாட்டினேன். அப்படி மாட்டும் அவசரத்தில் பாசிட்டிவ், நெகட்டிவ் மாறிவிட்டால் ஆல்டர்னேட்டரின் ஏசி கரண்ட்டை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையரில் இருக்கும் டயோடுகள் அந்த நொடியே போய்விடும். உயரமும் குறைவாக இருந்ததால் தட்டுக்குள் ஆடியது. அடியில் ரப்பர் துண்டு வைத்து இறுக்கினேன். அதிர்வு பேட்டரிக்குள் இருக்கும் இணைப்புகளையே முறித்துவிடும் என்பதால் இதைச் சின்ன விஷயம் என்று விடக்கூடாது.

இன்னொன்று: சீல்டு பேட்டரிகள் பலவற்றை ‘ஜெல்’ என்றே சொல்லி விற்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஏஜிஎம். கண்ணாடி இழைப் பஞ்சில் ஆசிட் ஊறி நிற்கும் வகை அது. உண்மையான ஜெல்லுக்குச் சார்ஜ் வோல்டேஜ் இன்னும் குறைவாக இருக்க வேண்டும். பழைய வண்டியில் சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கு ஏஜிஎம் தான் நல்லது என்பது என் கருத்து.

முதல் பேட்டரி ஐந்து மாதம் வந்தது. பக்கவாட்டில் லேசாக வீங்கியிருந்தது. கம்பெனிக் கோளாறு என்று முடிவுகட்டி வேறு கம்பெனியில் இன்னொன்று வாங்கினேன். அது நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை. அதுவும் வீங்கியது.

பழைய வண்டிகளிலேயே காலம் கழித்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் போய் நின்றேன். அவர் பேட்டரியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “தம்பி, பழைய பேட்டரிக்கு எத்தன நாளைக்கு ஒருதரம் தண்ணி விட்டீங்க?” என்று மட்டும் கேட்டார். மாதாமாதம் என்றேன். “அப்போ பேட்டரி மேல குத்தமே இல்ல. வண்டி அதக் கொதிக்க வச்சிருக்கு.”

அவர் சொன்னதும் எனக்குப் பிடிபட்டது. சார்ஜ் அளவு மீறினால் ஆசிட்டில் இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போகும். திறக்கும் மூடிகள் கொண்ட பழைய பேட்டரிக்கு அந்த இழப்பை நானே மாதாமாதம் ஈடுகட்டியிருக்கிறேன். ஏஜிஎம்மில் உண்டாகும் ஆக்சிஜன் நெகட்டிவ் தகட்டில் சேர்ந்து திரும்பத் தண்ணீராகிவிடும். அதனால்தான் மூடியைத் திறந்து தண்ணீர் விடவே தேவைப்படுவதில்லை. ஆனால் அது ஓர் அளவு வரைதான். அளவு மீறினால் அழுத்தம் ஏறி வால்வு திறக்கும், வாயு வெளியேறும், பஞ்சு காயும். போன தண்ணீரைத் திருப்பி ஊற்ற வழியே இல்லை.

மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வைத்து இன்ஜினை 4000 ஆர்பிஎம்மில் ஓடவிட்டோம். 14 முதல் 14.5 வரை இருக்க வேண்டிய இடத்தில் 15.6 வோல்ட்! ரெகுலேட்டர் போய்விட்டது என்று நான் பர்ஸை எடுத்தேன். அண்ணன் தடுத்தார். என் வண்டியின் ரெகுலேட்டர் பேட்டரியை நேராகப் பார்ப்பதில்லை. இக்னிஷன் சுவிட்சைத் தாண்டி வரும் ஒரு மெல்லிய ஒயர் வழியாகத்தான் வோல்டேஜை அறிகிறது. அந்த ஒயரில் அளந்தால் 14.4. அதாவது ரெகுலேட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. நடுவில் 40 வருடப் பழைய சுவிட்சும், ஒயர்களை இணைக்கும் கப்ளரும் 1.2 வோல்ட்டைத் தின்றிருக்கின்றன. குறைவாகத் தெரிந்ததால் அது மேலும் மேலும் ஏற்றியிருக்கிறது.

சுவிட்சைப் பிரித்துப் பச்சை பிடித்த முனைகளைத் தேய்த்தோம். கப்ளரில் கருகியிருந்த பின் ஒன்றை மாற்றினோம். ஃபியூஸ் கிளிப்பையும் விடவில்லை. மறுபடி அளந்தபோது பேட்டரியில் 14.5. ஒரு பைசாவுக்கு ரெகுலேட்டர் வாங்கவில்லை.

மூன்றாவது பேட்டரியை ஆசிட் தனியாக வரும் வகையாகப் பார்த்து, பாசிட்டிவ் சரியான பக்கம் இருக்கும்படி வாங்கினேன். முதல் இரண்டையும் கடையிலேயே ஊற்றிப் பத்து நிமிடத்தில் கையில் கொடுத்தார்கள். இந்த முறை நானே செய்தேன். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு ஆறு குப்பிகளையும் ஒன்றாகக் கவிழ்த்து, முழுக்க இறங்கும்வரை காத்திருந்தேன். பிறகு ஒரு மணி நேரம் அப்படியே விட்டேன். ஆசிட் ஊற்றியதும் பேட்டரியில் சுமார் 80 சதவீதம் சார்ஜ்தான் இருக்கும்; மிச்சத்தை முதல் சார்ஜ்தான் நிரப்ப வேண்டும். 12 ஆம்பியர் மணிக்குப் பத்தில் ஒரு பங்கு, 1.2 ஆம்பியரில், காற்றோட்டமான இடத்தில் மூடியை லேசாக மேலே வைத்து எட்டு மணி நேரம் ஏற்றினேன். அதன்பின் மூடியை அழுத்தி அடைத்ததுதான். அதைத் திறக்கவே கூடாது.

மாட்டியும் ஒரு சந்தேகம் மிஞ்சியது. வண்டி நிற்கும்போது ஏதாவது கரண்ட் தின்கிறதா? நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, நடுவில் மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்தேன். 25 காட்டியது. முந்தைய உரிமையாளர் மாட்டிய திருட்டு அலாரம். கேட்க அற்பமாகத் தெரியலாம், ஆனால் ஒரு நாளைக்கு 0.6 ஆம்பியர் மணி. பத்து நாள் நின்றால் பாதி பேட்டரி காலி. அப்படிக் காலியாகக் கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய வலு வராது. அலாரத்தைக் கழற்றிவிட்டேன்.

இப்போது பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முதல்நாள் இரவு ஓட்டாமல் விட்டு, காலையில் சாவி போடுவதற்கு முன் அளக்கிறேன். 12.8க்கு மேல் என்றால் நிறைவு. 12.5க்குக் கீழே இறங்கினால் அன்றே சார்ஜரில் போடுகிறேன். கழற்றும்போது நெகட்டிவ்வை முதலில், மாட்டும்போது கடைசியில். ஸ்பேனர் ஃபிரேமில் பட்டாலும் பொறி பறக்காது. டெர்மினலில் கொஞ்சம் வேசலின். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 4000 ஆர்பிஎம்மில் சார்ஜ் வோல்டேஜையும் பார்த்துக் குறித்து வைக்கிறேன், அந்தச் சுவிட்ச் மறுபடி பச்சை பிடிக்கும் என்பதால்.

இந்தப் பேட்டரிக்கு மூன்று வருடம் முடிந்துவிட்டது. போன வாரம் செல்ஃப் அடிக்கும்போது அளந்தேன். 10.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை.