ஆறு டன் லாரியைத் தள்ளுவது எப்படி

தள்ள முடியாது. ஏதாவது உத்தி கிடைக்கும் என்று வந்தவர்கள் இத்தோடு திரும்பிவிடலாம். என் மச்சானும் நானும் அரை மணி நேரம் முதுகு கொடுத்துப் பார்த்தோம். ஒரு கட்டத்தில் வண்டி நகர்ந்த மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால், வழுக்கியது எங்கள் செருப்பு.

வண்டி, அமெரிக்க ராணுவத்தில் உழைத்து ஓய்வு பெற்ற எம்35ஏ2. சாவி கிடையாது. ஒரு நெம்புகோலைத் திருப்பினால் டேங்குக்குள் டீசல் பம்பு முனகத் தொடங்கும், பிரேக்குக்குக் காற்று போதவில்லை என்று பஸ்ஸர் அலறும், அப்புறம் பொத்தானை அழுத்தினால் செல்ஃப் சுற்றும். அன்றைக்குப் பொத்தானை அழுத்தியதும் அலறிக்கொண்டிருந்த பஸ்ஸருக்கே தொண்டை கட்டிக்கொண்டது. எங்கோ கீழே ‘டக்’ என்றது. அவ்வளவுதான்.

“இறக்கத்துல உருட்டி விட்டுடலாமே மாமா” என்றான் மச்சான். உருட்டலாம்தான், கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் எஞ்சினும் பிடிக்கும். ஆனால் இந்த வண்டியின் பிரேக்குக்குப் பலம் தருவது காற்று. காற்றை நிரப்புவது எஞ்சின். எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் இறக்கத்தில் ஆறு டன்னை என் வலது கால் ஒன்றுதான் நிறுத்த வேண்டும். வேண்டாம் என்றேன்.

இதில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்கு மேல். டாஷ்போர்டு மீட்டரில் எண்கள் கிடையாது, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறங்கள் மட்டும். எஞ்சின் ஓடும்போது முள் பச்சையில் நிற்கும். ஆகவே டைனமோ நல்லது, பேட்டரிதான் கெட்டது என்று நானே தீர்ப்பு எழுதினேன். ஒரு பேட்டரி மட்டும் இளைத்திருந்தது. அதை மட்டும் மாற்றினேன். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் தெரியும். பர்ஸ் வேறு மாதிரி சொன்னது.

ஒரே மாதம். மறுபடியும் ‘டக்’. பேட்டரி புதுசு, நோய் பழசு.

இந்தத் தடவை முறையாக இறங்கினேன். டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கரைசல் விட்டுக் கழுவினேன். பெல்ட்டை இழுத்துக் கட்டினேன். எர்த் ஒயர் சேஸிஸில் சேரும் இடத்தைத் துருப் போகச் சுரண்டினேன். எர்த்தை முதலில் கழற்ற வேண்டும் என்பதை மறந்து பாஸிட்டிவ் நட்டில் ஸ்பானரை வைத்தேன். ஸ்பானரின் மறுமுனை பேட்டரிப் பெட்டியின் இரும்பில் பட்டது. ஒரு நீல மின்னல். இப்போது அந்த ஸ்பானரின் ஓரத்தில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறது. கையில் மோதிரம் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

அப்புறம் கரண்ட் கசிவுச் சோதனை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எர்த் ஒயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்துப் பார்த்தேன். பூஜ்யம். ஒரு துளி கசிவு இல்லை. நானே ஒரு கணம் பெருமைப்பட்டேன்.

வேறு வழியில்லாமல் பழைய லாரிகளோடு வாழ்ந்த மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“வோல்ட் எவ்வளவு?”

“24.9 அண்ணே. ஓரளவு சரிதானே?”

“ரெண்டையும் தனித்தனியா பாத்தியா?”

பார்த்தேன். ஒன்று 12.9. எர்த் பக்கத்துப் பேட்டரி, அதாவது புதுசு, 12.0. சார்ஜில் கால் பங்குதான் மிச்சம். இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் போட்டு எஞ்சினைக் கிளப்பி மறுபடி பார்த்தேன். மொத்தம் 28.1, சரியான சார்ஜ். ஆனால் புதுசின் மேல் 13.2 தான், பழசின் மேல் 14.9. பழசின் மூடியைத் திறந்தால் உள்ளே உலை கொதிக்கிற மாதிரி குமிழி, மூக்கைத் துளைக்கும் நெடி, தண்ணீர் தகடு தெரியும் அளவுக்கு இறங்கியிருந்தது.

“நடுவுல எங்கயாவது 12 வோல்ட் எடுத்திருக்கியா?”

“சேச்சே, இல்லண்ணே” என்றேன். சொல்லும்போதே என் கண், சீட்டுக்குப் பின்னால் மரப்பெட்டியில் நான் பொருத்தியிருந்த பாட்டுப் பெட்டியின் மேல் போனது. அதன் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லாரியின் நெம்புகோலை அணைத்தாலும் எரியும், ஏனென்றால் சுவிட்ச் வழியாக வராமல் நேராக ஒரு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்த புத்திசாலி நான்தான்.

மறுமுனையில் மௌனம். அப்புறம் அண்ணன் பொறுமையாகச் சொன்னார். டைனமோவுக்குத் தெரிவது மொத்தம் மட்டும்தான். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் நீ தின்றால், அது பசியோடவே கிடக்கும், மற்றது அஜீரணத்தில் வேகும். மொத்தம் 28 இருக்கும்வரை, சார்ஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் நிம்மதியாகத் தூங்கும்.

“அப்ப கசிவு ஏன் காட்டல?” கடைசி அஸ்திரத்தை விட்டேன்.

“பாட்டுப் பெட்டியோட எர்த்தை எங்க கொடுத்த?”

சேஸிஸில் கொடுத்தால் பாட்டில் இரைச்சல் வருகிறது என்று அதையும் நேராகப் பேட்டரி முனையில் முறுக்கியிருந்தேன். கரண்ட் அதே பேட்டரியிலிருந்து கிளம்பி அதே பேட்டரிக்குத் திரும்புகிறது. எர்த் ஒயர் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. நான் வாசலில் காவல் நின்றிருக்கிறேன், திருடன் வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தியிருக்கிறான்.

மிச்சம் சீக்கிரம் முடிந்தது. பழசுக்கும் விடை கொடுத்து, புதுசோடு அதே ரகத்தில் இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாக முழுக்க சார்ஜ் ஏற்றிய பிறகே ஜோடி சேர்த்தேன். பாட்டுப் பெட்டிக்கு 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர், அதுவும் இரண்டு பேட்டரியின் கடைக்கோடி முனைகளிலிருந்து, நடுவில் ஒரு ஃபியூஸ், ஒரு சுவிட்ச். இப்போது இரண்டின் வோல்ட்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி நிற்கிறது.

மச்சான் போன வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்து, கடைசியில் என்னதான் கோளாறு என்று கேட்டான். பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டு, லூஸ் காண்டாக்ட் என்றேன்.