சங்கத்துக்கு என்ன வயது?

விழா மலர்கள்தான் எங்கள் அச்சகத்தின் பாதி வருமானம். கோயில் மலர் என்றால் தல வரலாற்றை யாராவது எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஊர் மாதர் சங்கத்தின் வைர விழா மலருக்கு அப்படி ஆள் கிடைக்கவில்லை. "நீங்களே விசாரிச்சு ரெண்டு பக்கம் எழுதிடுங்க தம்பி" என்று செயலாளர் அம்மா என் தலையில் கட்டிவிட்டார்.

கொடுத்தது ஒரு பதிவுச் சான்றிதழின் நகல். அதில் 1860 என்று அச்சாகியிருந்ததால் சங்கம் வெள்ளைக்காரன் காலத்தது என்று ஓர் உறுப்பினர் அடித்துச் சொன்னார். அது சங்கப் பதிவுச் சட்டத்தின் ஆண்டு. தமிழ்நாடு தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டது 1975-ல்தான். எங்கள் சங்கம் பதிவான ஆண்டு கீழே மையால் எழுதியிருந்தது: 1958.

சரி, வேலை முடிந்தது என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் கிடைத்தவற்றிலேயே பழைய மினிட்ஸ் நோட்டின் முதல் பக்கம், "சென்ற கூட்டத்தின் நடவடிக்கைகள் படித்து ஏற்கப்பட்டன" என்று தொடங்கியது. அப்படியானால் அதற்கு முன்பும் ஒரு நோட்டு இருந்திருக்கிறது; பதிவாகும் முன்பே சங்கம் கூடியிருக்கிறது.

பிறகு ஏன் 1958-ல் போய்ப் பதிந்தார்கள்? மத்திய சமூகநல வாரியம் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் 1953-ல் அமைந்தது. தொண்டு அமைப்புகளுக்கு அது மானியம் கொடுத்தது. பால்வாடிக்கும் தையல் வகுப்புக்கும் பணம் வேண்டுமென்றால் பதிவு எண் கேட்பார்கள். பழைய உறுப்பினர் ஒருவர் சுருக்கமாகச் சொன்னார்: "மெஷின் வாங்கப் பதிஞ்சோம்." எனக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது.

ஆண்டை விடப் பெயர்கள்தான் படுத்தின. வருகைப் பட்டியலில் "திருமதி தாசில்தார்", "திருமதி டாக்டர்", "ஹெட்மாஸ்டர் வீட்டம்மா". தாசில்தாருக்கு மாற்றல் வரும், அடுத்தவர் வருவார், அவர் மனைவியும் அதே "திருமதி தாசில்தார்"தான். பல வருடங்கள் ஒரே ஆள் துணைத்தலைவராக இருந்ததாகத் தெரியும் இடத்தில் எத்தனை பெண்கள் வந்து போனார்களோ! சொந்தப் பெயரோடு நோட்டில் இருப்பவர்கள் தையல் டீச்சரும் பால்வாடி ஆயாவும் மட்டும். சம்பளம் வாங்கினார்கள் அல்லவா, பட்டுவாடாப் பதிவேட்டில் பெயர் எழுதித்தானே ஆகவேண்டும். ஆயாவுக்குப் பெயர் பக்கத்தில் ரேகை.

பெரிய சங்கங்களின் கதையும் இப்படித்தான். இந்திய மாதர் சங்கம் 1917 மே 8-ல் அடையாறில் தொடங்கியது. அன்னி பெசன்ட் தலைவர். ஆனால் அதை முன்னின்று அமைத்தவர்களில் ஒருவரான மார்கரெட் கசின்ஸ் அதற்கு முன்பே மதனப்பள்ளியில் பெண்கள் கூடிய ஒரு சமாஜத்தில் பழகியவர். ரோட்டரி குடும்பப் பெண்களின் சங்கமான இன்னர் வீலுக்குப் பிறந்தநாளே இரண்டு எனலாம். மார்கரெட் கோல்டிங் என்ற செவிலியர் மான்செஸ்டரில் ரோட்டரிக்காரர்களின் மனைவியரைக் கூட்டியது 1923 நவம்பர் 15-ல். கூடியது ஒரு துருக்கிக் குளியல் விடுதியில். முறைப்படி சங்கமானது 1924 ஜனவரி 10-ல். உலகம் முழுக்கக் கொண்டாடுவது பின்னதைத்தான். என்னைக் கேட்டால் அந்தக் குளியல் விடுதியைக் கொண்டாடலாம். இடம் இல்லாதபோதும் கூடியவர்கள் அவர்கள்.

இதையெல்லாம் நிர்வாகக் குழுவில் சொன்னேன். முதல் பக்கத்தில் கலெக்டர் மனைவி குத்துவிளக்கு ஏற்றும் படம்தான் வரவேண்டும் என்பதில் பாதிப் பேர் உறுதி. சங்கம் 1958-க்கு முந்தையது என்றதும் தலைவர் அம்மா பதறிவிட்டார்.

"வைர விழான்னு பத்திரிகை அடிச்சாச்சு தம்பி. உங்க பிரஸ்ஸுலதானே அடிச்சோம்?"

உண்மைதான், பில்லும் போட்டாகிவிட்டது. அப்புறம் ஒரு சமரசம். தலைப்பில் "1958-ல் பதிவு பெற்றது" என்று போட்டோம். இரண்டாவது பத்தியில் அதற்கு முந்தைய கூட்டங்கள். படம் அவர்கள் கேட்ட இடத்திலேயே. டீச்சர் பெயரும் ஆயா பெயரும் நிறுவனர் பட்டியலுக்கு நேர் கீழே, அதே எழுத்து அளவில். அந்த எழுத்து அளவை நான் யாரிடமும் கேட்கவில்லை. புரூஃப் பார்த்த தலைவர் அம்மாவும் எதுவும் சொல்லவில்லை.