அரைக் கிலோ கைப்பேசி

எங்கள் தோட்டத்துக் கிணறு 60 அடி. அதன் அடியில் என் கைப்பேசிகள் இரண்டு கிடக்கின்றன. இரண்டும் போன விதம் ஒன்றுதான். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லையே என்று குனிந்து எட்டிப் பார்த்தேன். சட்டைப் பையில் இருந்தது எனக்கு முந்திக்கொண்டு பார்க்கப் போய்விட்டது.

மூன்றாவதாக வாங்குவது எதற்கும் அசையாத முரட்டுக் கைப்பேசியாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சித்திரையில் மாமன் மகன்களோடு, கோவைப் பக்கம் ஏழு மலை ஏறிப் போக வேண்டிய வெள்ளியங்கிரி ஏறுவதாகவும் பேச்சு இருந்தது. கிணற்றுக்காக வாங்குகிறேன் என்பதைவிட மலையேற்றத்துக்காக வாங்குகிறேன் என்பது கொஞ்சம் கௌரவமாகவும் இருந்தது.

ஒரு வாரம் இரவெல்லாம் விழித்துப் படித்தேன். படித்ததை என் அம்மாவின் அப்பாவான அப்பிச்சியிடம் ஒப்பித்ததுதான் தவறு.

"ஐபி 68 என்று போட்டிருக்கும் அப்பிச்சி. 6 என்றால் தூசி உள்ளே நுழையாது. 8 என்றால் ஒரு மீட்டருக்கு மேலான ஆழத்திலும் தாங்கும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைக் கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். இதற்கு ஒன்றரை மீட்டர், அரை மணி நேரம்."

"ஒன்றரை மீட்டர் என்றால் எத்தனை அடி கண்ணு?"

"ஐந்தடி."

"நம் கிணற்றில் இப்போது தண்ணீரே இருபதடி நிற்கிறது. அது ஐந்தடியில் நின்றுகொண்டு உன்னைக் கூப்பிடுமா?"

விடாமல் அடுத்ததை எடுத்தேன். அமெரிக்க ராணுவத்தின் 810 ஜி தரம். நான்கடி உயரத்திலிருந்து 26 முறை கீழே போட்டுப் பார்க்கும் சோதனை அதில் இருக்கிறது.

"எதன் மேல் போடுவார்கள்?"

"கான்கிரீட்டின் மேல் ஒட்டுப்பலகை வைத்து, அதன் மேல்."

"பலகையோடு விட்டுவிட்டார்களா? பாய் விரிக்கவில்லையா?"

ராணுவம் எந்தக் கைப்பேசிக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை, கம்பெனியே சோதித்து கம்பெனியே எழுதிக்கொள்ளலாம் என்பதையும் படித்திருந்தேன். அதை மட்டும் அப்பிச்சியிடம் சொல்லவில்லை. அவர் மடியில் இருந்ததோ 2003-இல் வந்த நோக்கியா 1100. டார்ச் இன்னும் எரிகிறது. எருமை ஒருமுறை மிதித்திருக்கிறது. எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பார்.

கோவையில் ஒரு கடைக்குப் போனேன். விற்பனைப் பையன் காட்சிக்கு வைத்திருந்த கைப்பேசியை வாளித் தண்ணீரில் முக்கினான், தரையில் போட்டான், அதன் மேல் ஏறியும் நின்றான். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"தண்ணீர் போய்க் கெட்டால் வாரண்டி உண்டா தம்பி?"

"தண்ணீருக்கு வாரண்டி இல்லைங்கண்ணா."

"உள்ளேதான் போகாதே?"

"போகாதுங்கண்ணா. போனால் வாரண்டி இல்லை."

இதற்கு மேல் என்ன கேட்பது? வாங்கிவிட்டேன். பேட்டரி 10,000 மில்லி ஆம்பியர்-மணி, சாதாரணக் கைப்பேசியைப் போல இரண்டு மடங்கு. எடையும் அப்படியே. வீட்டுத் தராசில் அப்பிச்சி நிறுத்துப் பார்த்தார்; அரைக் கிலோ. "உரித்த தேங்காய் ஒன்று" என்று தீர்ப்புச் சொன்னார். சட்டைப் பையில் வைத்தால் சட்டை ஒருபக்கமாகத் தொங்கியது.

மலை அடிவாரமான பூண்டியில் மூங்கில் தடியோடு ஏறத் தொடங்கினோம். நான்காவது மலையிலேயே மற்றவர்களின் கைப்பேசிகள் மூச்சை விட்டன. என்னுடையதிலிருந்து மற்றதற்குச் சார்ஜ் ஏற்றலாம் என்பதை வாய் தவறிச் சொல்லியிருந்தேன். அதன்பின் என் முதுகுப் பையில் வயரும் கைப்பேசியுமாகத் தொங்க, ஈற்றுப் பசுவைப் போல நடந்தேன். ஒரு படம்கூட நான் எடுக்கவில்லை. ஆறாவது மலையில் ஆண்டி சுனை வந்ததும் மானம் பொறுக்காமல், "இதோ பாருங்கள்" என்று கைப்பேசியோடு சுனையில் முங்கினேன். குளிரில் பல் கிட்டியது. கைப்பேசி சிரித்துக்கொண்டே வெளியே வந்தது. வயரைப் பிடுங்கிய மச்சான் சார்ஜர் துளையின் ரப்பர் மூடியை மூடாமல் விட்டது அப்புறம்தான் தெரிந்தது. அந்த மூடி திறந்திருந்தால் 68-உம் இல்லை, ஒன்றும் இல்லை.

அழைப்பெல்லாம் வந்தது, சார்ஜ் மட்டும் ஏறவில்லை. துளையில் ஈரம் என்று திரையில் எச்சரிக்கை நின்றது. ஊருக்கு வந்ததும் அரிசிப் பானையில் வைக்கப் போனேன். "அரிசி எதற்குக் கண்ணு, களம் இருக்கும்போது?" என்று அப்பிச்சி அதை வாங்கிக் கொப்பரை காயும் களத்தின் ஓரத்தில் வைத்தார். பேட்டரிக்கு வெயில் ஆகாது என்றேன். நிழலடிக்கும் ஓரம்தான் என்றார். மலையேறிய அலுப்பில் நான் தூங்கிவிட்டேன்.

எழுந்து பார்த்தால் களம் காலி. கொப்பரையை வாரி மூட்டை கட்டி, வண்டி போயே போய்விட்டது. கைப்பேசியின் நிறம் பழுப்பு. எடை உங்களுக்கே தெரியும். அப்பிச்சியின் 1100-இலிருந்து கூப்பிட்டேன். பத்தாவது முறை யாரோ எடுத்தார்கள்.

"ஏனுங்க, உங்கள் மூட்டையில் ஒரு கொப்பரை மட்டும் பாடிக்கொண்டே இருக்கிறதுங்க," என்றார் வியாபாரி. லாரியிலிருந்து மூட்டையைத் தூக்கிப் போட்டார்களாம், அதன் மேல் ஐந்து மூட்டை அடுக்கினார்களாம். கீறல்கூட இல்லையாம்.

"நல்லவேளைங்க, வந்து வாங்கிக்கொள்கிறேன்," என்றேன்.

"வாருங்கள், வாருங்கள். அந்த அரைக் கிலோவைக் கணக்கில் கழித்துவிட்டேனுங்க."