ஜிம் அபாட்டின் 108 தோல்விகள்

அமெரிக்க பேஸ்பால் கொஞ்சம் தெரிந்தவர்களிடம் ஜிம் அபாட் என்று சொல்லிப் பாருங்கள், ஒரே பதில்தான் வரும்: ஒரு கை இல்லாமலே நோ-ஹிட்டர் போட்டவர், அதாவது முழு ஆட்டத்திலும் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக ஓடிச் சேருவது) கொடுக்காமல் வீசியவர். உண்மைதான். 1993 செப்டம்பர் 4, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம், கிளீவ்லாந்து அணிக்கு எதிராக. ஆனால் அந்த ஒரு சனிக்கிழமையோடு அவர் கதையை முடித்துவிடுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பத்து சீசன் மேஜர் லீகில், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையில், வீசியிருக்கிறார். மொத்தக் கணக்கு 87 வெற்றி, 108 தோல்வி. தோல்விதான் அதிகம். அந்தத் தோல்விகளையும் சேர்த்து வரிசையாகப் படித்தால்தான் அவர் எப்பேர்ப்பட்ட பிட்சர் (பந்து வீசுபவர்), எவ்வளவு கஷ்டப்பட்டு அந்த வேலையைப் பிடித்துவைத்திருந்தார் என்பதெல்லாம் பிடிபடும்.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட்டில் ஆட்டம் தோற்றால் அணி தோற்றது, அவ்வளவுதான். பேஸ்பாலில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பிட்சர் பெயரில் வெற்றி எழுதுவார்கள், எதிரணி பிட்சர் ஒருவர் பெயரில் தோல்வி எழுதுவார்கள். பிட்சர் பிரமாதமாக வீசி, அவருடைய அணி ரன்னே அடிக்காமல் போனாலும் தோல்வி அவர் கணக்கில்தான் ஏறும். அதனால் பிட்சரை மதிப்பிட இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, ஃபீல்டர்களின் தவறால் வந்ததைச் சேர்க்காமல் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்று சொல்லும் இஆர்ஏ. அது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

அபாட் 1967-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரத்தில் பிறந்தார். ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊர் அது. பிறக்கும்போதே வலது கை மணிக்கட்டு அருகில் முடிந்துவிட்டது. சின்ன வயதில் கொக்கி வைத்த செயற்கைக் கை மாட்டிவிட்டிருக்கிறார்கள், அவருக்கு அது ஒத்துவரவில்லை, கழற்றிப் போட்டுவிட்டார். அப்புறம் ஒரு செங்கல் சுவரில் ரப்பர் பந்தை எறிந்து எறிந்து பிடித்துப் பழகினார். கை தேறத் தேறச் சுவருக்குப் பக்கத்தில் நகர்ந்துகொண்டே போவாராம், அப்போதுதானே பந்து சீக்கிரம் திரும்பி வரும்.

ஒரே கையால் வீசி, அதே கையில் கிளவை (கையுறையை) மாட்டிப் பிடிக்கும் அந்தக் கைமாற்றத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய தொழிலே அதில்தான் நின்றது. இடது கையில் பந்து இருக்கும். கிளவ் வலது முன்கையின் நுனியில், விரல் நுழைக்கும் பக்கம் தயாராகத் திறந்தபடி உட்கார்ந்திருக்கும். பந்தை வீசி முடித்து உடம்பு முன்னால் சாயும் அந்த நொடியிலேயே இடது கை கிளவுக்குள் போய்விடும். பேட்டர் பந்தை நேராக இவர் முகத்தைப் பார்த்து அடித்தாலும் பிடிக்கத் தயாராக இருப்பார். பிடித்த பிறகு எதிர்த்திசையில் இன்னொரு வேலை. கிளவை வலது முன்கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, இடது கையைப் பந்தோடு உருவி முதல் பேஸுக்கு எறிய வேண்டும். அதுவும் பேட்டர் ஓடி அங்கே போய்ச் சேருவதற்குள். இதையெல்லாம் மெதுவாக ஓட்டிப் பார்த்தால்தான் தனித்தனி அசைவாகத் தெரியும். சாதாரண வேகத்தில் பார்ப்பவருக்கு ஒன்றுமே வித்தியாசமாகத் தோன்றாது. அவர் விரும்பியதும் அதைத்தான்.

எதிரணிகள் சும்மா விடுவார்களா? பள்ளி நாட்களில் இவர் வீசினால் பண்ட் ஆடுவார்கள், அதாவது பந்தை ஓங்கி அடிக்காமல் பிட்சருக்கு முன்னால் மெல்லத் தட்டிவிட்டு ஓடுவார்கள். ஒரு ஆட்டத்தில் வரிசையாக ஒவ்வொருவராக வந்து அதையே செய்தார்களாம். முதல் ஆள் தப்பித்தார். பின்னால் வந்தவர்களை இவரே ஓடிப்போய்ப் பந்தை எடுத்து, எறிந்து, அவுட் ஆக்கினார். பள்ளியில் அமெரிக்கக் கால்பந்தும் ஆடினார், அதுவும் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக!

பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகம். 1987-இல் அமெரிக்காவின் சிறந்த அமெச்சூர் விளையாட்டு வீரருக்கான சல்லிவன் விருது. அதே ஆண்டு கியூபாவுக்கே போய் கியூபா அணியைத் தோற்கடித்தார். 1988 சியோல் ஒலிம்பிக்ஸில் பேஸ்பால் அதிகாரப்பூர்வப் பதக்கக் கணக்கில் சேராத காட்சி விளையாட்டாக இருந்தது. இறுதி ஆட்டத்தில் ஜப்பானுக்கு எதிராக முழு ஆட்டத்தையும் இவரே வீசி 5-3 என்று ஜெயித்துக்கொடுத்தார். அந்த ஆண்டு டிராஃப்டில், அதாவது அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறையில், கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணி எட்டாவது ஆளாக இவரை எடுத்திருந்தது. டிக்கெட் விற்கத்தான் எடுத்தார்கள் என்று பேசியவர்கள் அப்போது நிறைய. இளம் வீரர்கள் தேறி வரும் கீழ்நிலையான மைனர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 1989-இல் நேராக மேஜர் லீகுக்கு வந்ததும் அந்தப் பேச்சு இன்னும் கூடியது. முதல் ஆட்டம் தோல்வி. ஆனால் மே மாதம் பாஸ்டனுக்கு எதிராக, அந்தக் காலத்தின் மிகப்பெரிய பிட்சர் ரோஜர் கிளமென்ஸ் எதிர்ப்பக்கம் வீசிய ஆட்டத்தில், ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஜெயித்தார். சீசன் முடிவில் 12 வெற்றி, 12 தோல்வி. 21 வயதுப் பையனுக்கு அது நல்ல கணக்கு.

அவருடைய உச்சம் 1991. முதல் நான்கு தோல்விகள் வரிசையாக வந்தன, மைனர் லீகுக்கு அனுப்புங்கள் என்று குரல்கள் எழுந்தன, அணி அசையவில்லை. முடிவில் 18 வெற்றி, 11 தோல்வி, இஆர்ஏ 2.89. சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் மூன்றாவது இடம். வலது கை பேட்டரின் கைகளுக்குள் புகுந்து போகும் ‘கட்டர்’ என்ற பந்துதான் அவர் ஆயுதம். எத்தனை மட்டைகளை உடைத்திருக்கும் அந்தப் பந்து!

என்னைக் கேட்டால் 1992-ஐத்தான் அவருடைய ரசிகர்கள் முதலில் படிக்க வேண்டும். இஆர்ஏ 2.77, முந்தைய ஆண்டைவிடவும் மேல். கணக்கு? 7 வெற்றி, 15 தோல்வி. அவர் வீசும் நாட்களில் ஏஞ்சல்ஸ் ரன் அடிக்கவே மறந்துவிட்டது. அந்த 108-இல் இந்தப் பதினைந்தும் அடக்கம். ‘தோற்ற பிட்சர்’ என்று ஒருவரைச் சொல்லுமுன் இந்த ஒரு வருடத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். அந்த டிசம்பரில் ஏஞ்சல்ஸ் அவரை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு மாற்றிவிட்டது.

சரி, அந்த நோ-ஹிட்டர். அதைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயத்தை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆறு நாள் முன்னால் இதே கிளீவ்லாந்து அவரை அடித்து நொறுக்கியிருந்தது, நாலு இன்னிங்ஸ்கூடத் தாங்கவில்லை, ஏழு ரன். கென்னி லாஃப்டன், ஆல்பர்ட் பெல், புதிதாக வந்திருந்த மேனி ராமிரெஸ், ஜிம் தோமி என்று பயங்கரமான வரிசை அது. அந்த அணிக்கு எதிராகத்தான் ஒரு ஆட்டத்துக்கு வேண்டிய 27 அவுட்டையும் ஒரு ஹிட் கொடுக்காமல் எடுத்தார். ஐந்து வாக் கொடுத்தார், அதாவது தவறான பந்துகள் வீசி ஐந்து முறை பேட்டரை அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகவிட்டார். பேட்டரை மட்டையால் அடிக்க விடாமலே அவுட் ஆக்கும் ஸ்ட்ரைக்-அவுட் மூன்றே மூன்று. அப்படியென்றால் மிச்ச அவுட்டுக்கெல்லாம் பந்து மட்டையில் பட்டது, ஃபீல்டர்கள் ஓடினார்கள். ஏழாவது இன்னிங்ஸில் ஆல்பர்ட் பெல் அடித்ததை மூன்றாம் பேஸில் வேட் பாக்ஸ் பாய்ந்து பிடித்து எறிந்தார். ஒன்பதாவதில் லாஃப்டன் பண்ட் ஆடப் பார்த்தபோது மொத்த மைதானமும் கூச்சலிட்டது. பள்ளிக்கூடக் காலத்துப் பழைய தந்திரம்தான், மேஜர் லீகிலும் துரத்தி வந்திருக்கிறது. அடுத்து ஃபெலிக்ஸ் ஃபெர்மின் அடித்தது ஆழமாகப் போனது, பெர்னி வில்லியம்ஸ் ஓடிப்போய்ப் பிடித்தார். கடைசியில் கார்லோஸ் பைர்காவின் தரைப் பந்து, இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட் ஸ்டாப் ரான்டி வெலார்டி எடுத்து எறிய, 4-0.

இதற்குப் பிறகுதான் கதை கடினமாகிறது. பந்தின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. கட்டர் உள்ளே புகுவதற்கு வேகம் வேண்டும், வேகம் போனால் அதே பந்து பேட்டருக்கு வசதியாகிவிடும். 1995-இல் சிகாகோ வொயிட் சாக்ஸ், பாதியில் திரும்ப ஏஞ்சல்ஸ். அப்புறம் 1996. இரண்டு வெற்றி, பதினெட்டு தோல்வி, இஆர்ஏ 7.48. நடுவில் மைனர் லீகுக்கும் போய்வந்தார். அந்த வருட ஆட்டக் கணக்குகளை வரிசையாகப் படிக்கும்போது மனசு கனத்துப்போகும். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பிட்சர் நின்று வீசும் அதே மேட்டில் ஏறி நின்று, அதே கைமாற்றத்தைச் செய்து, அடி வாங்கி இறங்குவது. ஒளிந்துகொள்ள இடமில்லாத வேலை அது. 1997 சீசன் தொடங்குமுன் ஏஞ்சல்ஸ் அவரை விடுவித்தது. அந்த வருடம் முழுக்க அவர் ஆடவில்லை.

எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம் 1998தான். முப்பது வயதில், நோ-ஹிட்டர் போட்ட ஆள், வொயிட் சாக்ஸோடு ஒரு மைனர் லீக் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு கீழ்நிலையில் இருந்து ஒவ்வொரு படியாக ஏறினார். ஒலிம்பிக்ஸில் இருந்து நேராக மேஜர் லீகுக்குக் குதித்தவர், பத்து வருடம் கழித்துத் தன்னைவிட எவ்வளவோ சின்னப் பையன்களோடு பேருந்தில் ஊர் ஊராகப் போனார். செப்டம்பரில் மேஜர் லீகுக்குத் திரும்பி ஐந்து ஆட்டம் வீசினார், ஐந்தும் வெற்றி. இந்த 5-0 ஏன் அந்த 1993 சனிக்கிழமை அளவுக்குப் பேசப்படவில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆதங்கம்தான்.

1999-இல் மில்வாக்கி ப்ரூவர்ஸ். அது நேஷனல் லீக், அங்கே அப்போது பிட்சர்களும் பேட் செய்ய வேண்டும். அமெரிக்கன் லீகில் இருந்தவரை அவருக்கு அந்த வேலை கிடையாது. 21 முறை பேட் செய்து இரண்டு ஹிட் அடித்தார், அவர் பேட்டிங்கால் அணிக்கு மூன்று ரன் வந்தது. ஒரு பிட்சருக்கு அது ஒன்றும் கேவலமான கணக்கு இல்லை. பந்துவீச்சு மட்டும் கைகொடுக்கவில்லை, 2 வெற்றி, 8 தோல்வி. அந்தக் கோடையிலேயே ப்ரூவர்ஸ் விடுவித்தது, 31 வயதில் ஓய்வு.

ஆடிய காலம் முழுக்க, எந்த ஊருக்குப் போனாலும், கையோ விரலோ இல்லாத குழந்தைகளைப் பெற்றோர் அவரிடம் அழைத்து வருவார்கள். முடிந்தவரை எல்லோரையும் சந்தித்தார், வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதினார். 2-18 என்று போய்க்கொண்டிருந்த 1996-இலும் அந்தக் குழந்தைகள் வந்தார்கள். இப்போது மேடைப் பேச்சாளராக நாடு முழுக்கப் போகிறார். மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கொடுக்கச் சொல்லி அமெரிக்கத் தொழிலாளர் துறையோடு சேர்ந்தும் வேலை செய்திருக்கிறார்.