ஊருக்கு ஒரு பியானோ

சிங்கப்பூரில் பியானோ ட்யூனிங், சர்வீஸ்தான் என் தொழில். வீடுகளுக்கும் போவேன், கச்சேரி அரங்கங்களுக்கும் போவேன். இருபது வயதை ஒட்டி உலகம் சுற்றி வாசிக்கிற மேற்கத்திய சாஸ்திரிய பியானோ கலைஞர்களை நான் அதிகம் பார்ப்பது கச்சேரி நாளின் மதியத்தில், நாற்காலிகளெல்லாம் காலியாக இருக்கும்போது. அங்கிருந்து பார்த்தால் இந்தத் தொழில் வேறு மாதிரி தெரிகிறது.

முதலில், இவர்கள் கையில் வாத்தியமே கிடையாது. மிருதங்க வித்வான் தன் மிருதங்கத்தை உறை போட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார், வயலின்காரருக்கும் அப்படித்தான். கச்சேரி அரங்கங்களில் இருக்கிற ஸ்டெயின்வே கம்பெனியின் டி மாடல் பியானோ 274 செ.மீ. நீளம், சுமார் 480 கிலோ. ஹோரோவிட்ஸ், கிறிஸ்டியன் ஸிமர்மன் மாதிரி பெரிய பியானோ கலைஞர்களில் சொந்தப் பியானோவோடு பயணம் செய்தவர்கள் உண்டு, ஆனால் அது பெரிய பெயரும் வசதியும் உள்ளவர்களுக்கே கட்டுப்படியாகும். அதிலும் ஆபத்து இருக்கிறது, 2020-இல் பியானோ கலைஞர் ஏஞ்சலா ஹியூவிட்டின் ஃபாட்ஸியோலி பியானோவைத் தூக்குகிறவர்கள் கீழே போட்டு உள்ளே இருந்த இரும்புச் சட்டமே உடைந்துபோனது. அந்தச் செய்தியைப் படித்தபோது எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் வயிறு கலங்கியது.

இளம் கலைஞருக்கு அந்த வசதியெல்லாம் இல்லை. செவ்வாய்க்கிழமை ஓர் ஊரில் ஒரு பியானோ, வெள்ளிக்கிழமை இன்னோர் ஊரில் வேறொன்று. ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் ஒன்றின் கட்டை கனமாக இருக்கும், இன்னொன்றின் மேல் ஸ்தாயி கண்ணாடி மாதிரி கூர்மையாகக் கேட்கும். ஓரிரு மணி நேரத்தில் அதோடு பழகி, அன்று மாலையே பல வருஷமாகத் தன்னுடையது என்பதுபோல வாசிக்க வேண்டும்.

போன வருஷம் வந்த ஒரு பெண் பியானோவில் உட்கார்ந்ததும் எந்தப் பாட்டையும் எடுக்கவில்லை. நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்துகொண்டாள். நடுவில் ஒரு கட்டையைச் சத்தமே வராதபடி மெல்ல அழுத்தினாள், பாதி மேலே வரவிட்டுத் திரும்ப அழுத்தினாள், அப்புறம் பக்கத்துக் கட்டை, அதற்கடுத்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஏனென்றால் இயந்திரம் எப்படித் திரும்பி வருகிறது என்பதை விரலால் படிக்கிறவர்கள் குறைவு. கடைசியில் ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் வரிசையை விட்டு வெளியே குதிக்கிறது என்றாள். சரியாகச் சொன்னாள். கட்டைகளும் சுத்தியல்களும் சேர்ந்த ஆக்‌ஷனை வெளியே இழுத்து, கம்பியை அடிக்கிற அந்தச் சுத்தியலின் ஃபெல்ட்டில் (கம்பளிப் பஞ்சில்) ஊசியால் லேசாகக் குத்தி இளக்கிவிட்டேன், திரும்ப வாசித்துப் பார்த்துத் தலையாட்டினாள். பெடல் கொஞ்சம் சீக்கிரம் பிடிக்கிறதே, அதையும் பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், அது தன் காலின் வேலை என்று சொல்லிவிட்டாள். எங்களிடம் எதைக் கேட்க வேண்டும், எதைத் தன் உடம்பிலேயே சமாளித்துக்கொள்ள வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிகிறவர்கள்தான் இந்தத் தொழிலில் நிலைக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

வெளியே எல்லோரும் பேசுவது போட்டிகளைப் பற்றித்தான். வார்சாவின் ஷோப்பான் போட்டி 1927-இல் ஆரம்பித்தது, இப்போது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது. ஜெயித்த மறுநாளிலிருந்து வருகிற நெருக்கடி பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. வான் கிளைபர்ன் 1958-இல் 23 வயதில் மாஸ்கோவில் சைக்கோவ்ஸ்கி போட்டியில் ஜெயித்தார், நியூயார்க்கில் ஊர்வலமே நடந்தது. அதற்கப்புறம் போன இடமெல்லாம் அதே சைக்கோவ்ஸ்கி கான்செர்ட்டோவைத்தான் (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கிற படைப்பு) கேட்டார்கள், 1978-இல் மேடையை விட்டு ஒதுங்கிப் பல வருஷம் வாசிக்காமலே இருந்தார். மௌரித்சியோ பொல்லினி 1960-இல் 18 வயதில் வார்சாவில் ஜெயித்த கையோடு கச்சேரிகளைக் குறைத்துக்கொண்டு மறுபடி படிக்கப் போனார், அப்புறம் அறுபது வருஷத்துக்குமேல் வாசித்தார். இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த வயதில் பொல்லினிக்கு வேண்டாம் என்று சொல்ல வந்த தைரியம் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ஏனென்றால் வேண்டாம் என்று சொல்வது லேசில்லை. பெரிய கலைஞர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று போன் வரும், இருக்கிறதை விட்டுவிட்டு ஓட வேண்டும். 1963-இல் க்ளென் கூல்டு வர முடியாமல் போனதும் 16 வயது ஆந்த்ரே வாட்ஸ் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ராவோடு லிஸ்டின் முதல் கான்செர்ட்டோவை வாசித்தார். 1999-இல் அதே வாட்ஸால் வர முடியாதபோது 17 வயது லாங் லாங் சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு மேடையேறினார். இந்தக் கதைகளைக் கேட்டு வளர்கிற பிள்ளைகள் எந்த அழைப்பையும் தட்டிக் கழிக்கப் பயப்படுகிறார்கள். அந்த லாங் லாங்குக்கே 2017-இல் இடது கையில் வலி வந்து நீண்ட நாள் கச்சேரிகள் நின்றன. 2022-இல் வான் கிளைபர்ன் பெயரில் நடக்கும் போட்டியில் 18 வயதில் ஜெயித்த யுன்ச்சான் லிம்மும் 2024-இல் கை வலியால் சில கச்சேரிகளை ரத்து செய்தார். அவர் நிறுத்திக்கொண்டது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒத்திகையில் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பியானோவின் கம்பி அறுந்தால் நான் மாற்றிவிடுவேன், அந்தக் கைக்கு நான் என்ன செய்ய முடியும்?

வீடுகளில் ட்யூனிங்குக்குப் போகும்போது, பிள்ளை பியானோ பரீட்சையில் எட்டாவது கிரேடு முடித்துவிட்டான், கச்சேரிக்காரனாக ஆக்கலாமா என்று கேட்கிற பெற்றோர் உண்டு. திறமையைப் பற்றிச் சொல்ல வேண்டியவர் அவனுடைய டீச்சர். நான் சொல்வது ஒன்றுதான்: வீட்டுப் பியானோவிலேயே வைத்திருக்காதீர்கள், பள்ளி மண்டபம், சர்ச், சொந்தக்காரர் வீடு என்று கிடைத்த பியானோவிலெல்லாம் வாசிக்க விடுங்கள், சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தாலும் பரவாயில்லை. கை வலிக்கிறது என்று அவன் சொன்னால் அன்றைக்கே மூடியைச் சாத்திவிடுங்கள்.