தாத்தா கடிகாரம் என் தலையில் விழுந்த கதை

வீடு மாறப்போகிறேன், புது வீட்டில் தாத்தாவின் பெண்டுலம் கடிகாரத்துக்குச் சுவர் இல்லை என்று பெரியப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டார். பிறந்தநாள் வாழ்த்துக்குக்கூட எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். "பரம்பரைச் சொத்து, வெளியே போகவே கூடாது" என்றார் சித்தப்பா. "அப்போ நீயே எடுத்துக்கோடா" என்று பெரியப்பா கேட்டதும் குழுவில் நீல டிக் மட்டும்தான். சித்தப்பாவுக்குச் சத்தம் இருந்தால் தூக்கம் வராதாம். அத்தை வீட்டுச் சுவர் ஆணி தாங்காதாம். வாயே திறக்காமல் இருந்த என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மாட்டிய அன்றே மூன்று மணிக்குப் பன்னிரண்டு அடித்தது. நாலு மணிக்கு ஒன்று. பழுது பார்க்கிறவரை வீட்டுக்கு அழைத்தேன். இந்த மாதிரிப் பழைய கடிகாரத்தில் மணியடிக்கத் தனியாக ஒரு சக்கரம் உண்டாம். முள் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. விளிம்பில் வெட்டியிருக்கும் பள்ளங்களைப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று பன்னிரண்டு வரை வரிசையாக, மொத்தம் 78 அடி அடித்துவிட்டு மறுபடி ஒன்றில் தொடங்கும். நடுவில் ஒருமுறை தப்பினால், யாராவது திருத்தும்வரை அதே தப்புதான். எங்கள் சித்தப்பா கதை சொல்வதும் இந்தச் சக்கரம் மாதிரிதான்.

கடிகாரம் வந்த கதையே ஆளுக்கொன்று. கொள்ளுத்தாத்தா ஓய்வு பெற்றபோது கொடுத்தது என்பார் பெரியப்பா. கடனைத் திருப்ப முடியாதவர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது என்பார் சித்தப்பா. பாட்டி சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது என்பது அத்தை கட்சி.

பழுது பார்ப்பவர் பின்பக்கத்தைத் திறந்து டார்ச் அடித்தார். பெண்டுலம் வேறு ஏதோ கடிகாரத்தினுடையது. ஸ்பிரிங் மாற்றியது. கண்ணாடி புதுசு. முகப்புத் தகட்டுக்கு அடியில் இன்னொரு முகப்பு. "பழசுன்னா இந்த மரப்பெட்டியும் பித்தளைத் தகடுகளும்தான் சார்" என்றார். சித்தப்பாவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அந்தப் பித்தளைத் தகடு ஒன்றின் உள்பக்கம் பூராவும் கீறல். பழுது பார்த்தவர்கள் தேதியும் அடையாளமும் கீறி வைப்பது தொழில் வழக்கமாம். அவற்றுக்குக் கீழே, கோணல்மாணலாக, ஸ்க்ரூ டிரைவர் முனையால் கீறியது போல ஒரு வரி: 'சாவி மெதுவாகக் கொடுக்கவும்.'

படமெடுத்துக் குழுவில் போட்டேன். அத்தை உடனே, "அந்த 'வு'க்கு வாலை இழுத்து விட்டிருக்கு பாரு, எங்க அப்பா கையெழுத்துடா!" என்றார். ஸ்பிரிங்கை உடைத்தது யார் என்று பெரியப்பாவும் சித்தப்பாவும் அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வேறு சந்தேகம். கடிகாரத்துக்குள்ளே எழுதி வைத்தால், வெளியே நின்று சாவி கொடுக்கிறவன் எப்படிப் படிப்பான்? ஆனால் தாத்தா அப்படித்தான். திட்டுவதைக்கூட அடுத்த அறைக்குப் போய்த்தான் திட்டுவார்.

பழுது பார்ப்பவர் மணியை ஒரே நிமிடத்தில் சரிசெய்துவிட்டார். இப்போது அத்தைக்கு அந்தக் கடிகாரம் வேண்டுமாம், சுவரும் திடீரென்று பலமாகிவிட்டதாம். தர முடியாது என்று சொல்லிவிட்டேன். தகட்டில் ஓரமாகக் கொஞ்சம் இடம் பாக்கி இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் என்னிடமும் இருக்கிறது.