மாராவுக்கு நாலு ராத்திரி

டூர் ஆபீஸ்ல சேர்ந்தப்ப எனக்கு குடுத்தது சிங்கப்பூர் மலேசியா டெஸ்க். அதுல ஒரு சௌகரியம், காலைல பத்து மணிக்கு யூனிவர்சல் ஸ்டூடியோன்னு ஷீட்ல அடிச்சா பத்து மணிக்கு அது அங்கயேதான் இருக்கும், எங்கயும் எந்திரிச்சு போயிடாது. மூணு வருஷம் கழிச்சு ஆப்பிரிக்கா பாத்துட்டு இருந்த பொண்ணு கல்யாணமாகி வேலைய விட்டதும் என்ன தூக்கி அந்த சீட்ல போட்டாங்க. சிங்கம் டிவில பாத்ததுதான், வேற ஒண்ணும் தெரியாது.

மொத பார்ட்டி ஈரோட்டுக்காரங்க, வீட்டோட ஆறு பேரு. கென்யால மசாய் மாரா, தான்சானியால செரெங்கெட்டி, ரெண்டு மிருகக் காடும் வேணும், லீவு ஆறே நாளு. மேப்ப பிரிண்ட் எடுத்துட்டு வந்து அந்த அண்ணன் கேட்டாரு, "ஏனுங்க தம்பி, மசாய் மாராவும் செரெங்கெட்டியும் ஒட்டிக்கிட்டுதானுங்களே இருக்குது, ஒரு எட்டு போய் பாத்துப்போட்டு வந்தரலாமுங்களே". எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. மூணாம் நாள் காலைல மாரால டிபன், மதியம் செரெங்கெட்டில சாப்பாடுன்னு ஷீட் போட்டு நைரோபில இருக்குற லோக்கல் ஆபரேட்டருக்கு அனுப்புனேன். அந்தாளு போன்ல சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

விஷயம் என்னன்னா அது ஒரே காடுதான், நடுவுல வேலிகூட கிடையாது, பத்து லட்சத்துக்கு மேல இருக்குற வில்டபீஸ்ட், அதான் மாடு மாதிரி இருக்குற ஒரு வகை மான், அந்த மந்தை வருஷா வருஷம் பாஸ்போர்ட் இல்லாம அந்தப்பக்கம் இந்தப்பக்கம் போய்ட்டு வருது. டூரிஸ்ட்டுக்கு மட்டும் அந்த வழி கிடையாது. இசெபானியா பார்டருக்கு சுத்திப்போய் கென்யால எக்ஸிட் முத்திரை, தான்சானியால என்ட்ரி முத்திரை, அங்க வண்டியும் மாறணும், கென்யா சபாரி வண்டிய செரெங்கெட்டிக்குள்ள விடமாட்டாங்க. முழுசா ஒரு நாள் ரோட்டுலயே போயிடும். அந்த அண்ணன்கிட்ட போய் எப்படி சொல்றதுன்னு ரெண்டு நாள் போன் எடுக்காம இருந்தேன், அப்புறம் சொன்னேன், தான்சானியாவ வெட்டுனேன்.

அதோட முடிஞ்சிருந்தா பரவால்ல. மஞ்சள் காய்ச்சல் ஊசிய அவங்ககிட்ட லேட்டா ஞாபகப்படுத்துனது நான்தான். ஊசி போட்டு 10 நாள் ஆனாதான் அந்த சர்டிபிகேட் செல்லும், கென்யால இருந்து இந்தியாவுக்குள்ள திரும்பி வர்றப்ப அது இல்லைன்னா 6 நாள் வரைக்கும் தனியா புடிச்சு வெச்சிருவாங்க. இவங்க கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல ஊசி போட்டது திங்கக்கிழமை, ஃபிளைட் புதன்கிழமை. அறுபது தாண்டுன பெரியவர் ஒருத்தர் வேற, அந்த வயசுக்கு ஊசி ஒத்துக்குமான்னு டாக்டர் யோசிச்சுதான் போடுவாரு, அதுல நாள் இழுத்துருச்சு. அவங்க கெளம்புன அன்னைக்கு ராத்திரி படுத்துட்டு விரல் விட்டு எண்ணிப்பாக்குறேன், திரும்புற அன்னைக்கு ரெண்டு நாள் குறையுது. தூக்கம் போச்சு. ரிட்டர்ன் டிக்கெட்ட மாத்தி நைரோபில ரெண்டு ராத்திரி ஹோட்டல் போட்டு, அதுல பாதி என் இன்சென்டிவ்ல கழிஞ்சுது.

அந்த ரெண்டு நாளுக்கு என்ன காட்டுறதுன்னு ஆபரேட்டர கேட்டா நைரோபி நேஷனல் பார்க்னு சொன்னாரு. ஊர ஒட்டியே இருக்கு, 1946ல ஆரம்பிச்சது, கென்யாவோட மொத நேஷனல் பார்க், சிங்கம் நிக்கும் அதுக்கு பின்னாடி அடுக்குமாடி தெரியும். சின்ன பார்க்குதான், ஆனா காண்டாமிருகத்துக்கு பேர் போன எடம். மாரால நாலு நாள் தேடியும் கிடைக்காத காண்டாமிருகம் இவங்களுக்கு அங்க மூணு கிடைச்சுது. வந்ததும் அந்த அண்ணன் போட்டோவ காட்டிட்டு, அதே மூச்சுல "அந்த ரெண்டு நாளு எக்ஸ்ட்ரா சாப்பாட்டு பில்லு இருக்குதுங்க தம்பி" ன்னு கவர நீட்டுனாரு.

அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல ஏஜென்ட்டுங்களுக்குன்னு சலுகைல கூட்டிட்டு போற ட்ரிப்ல என்னையும் அனுப்புனாங்க. ஆப்பிரிக்கான்னா வெயில்னு நெனச்சு காட்டன் சட்டையா அடுக்கிட்டு போனேன், மாரா கடல் மட்டத்துல இருந்து 1500 மீட்டர் ஒயரத்துல கெடக்கு, காலைல ஆறு மணிக்கு கூரை தெறந்த லேண்ட் க்ரூசர்ல பல்லு கிட்டிப்போச்சு, லாட்ஜ் போர்வைய சுத்திக்கிட்டே உக்காந்திருந்தேன். ட்ரைவர் கைடு நல்ல மனுஷன், சுவாஹிலில சொல்லிக்குடுத்துட்டே வந்தாரு. வரிக்குதிரைக்கு அவங்க ஊர்ல புண்டா மிலியா, அப்படின்னா வரி போட்ட கழுதையாம். நாம குதிரைன்னோம் அவங்க கழுதைன்னாங்க, வரிய ரெண்டு பேரும் விடல.

மாரா ஆத்தங்கரைக்கு பத்து மணிக்கு போனோம். எதிர்க்கரைல ஆயிரக்கணக்குல வில்டபீஸ்ட், தூசி, அந்த முனகல் சத்தம். ஒண்ணு எறங்கி வரும், தண்ணிய மோந்து பாக்கும், பின்னாடி இருக்குறது முட்டித்தள்ளும், ஏதோ ஒரு வரிக்குதிரை மெரண்டு திரும்பும், உடனே மொத்தமும் மேல ஓடும். மறுபடி வரும். மறுபடி ஓடும். எங்க வண்டில அஞ்சு ஏஜென்ட், ரெண்டு பேரு தூங்கிட்டாங்க, ஒருத்தர் சிக்னல் கிடைக்குதான்னு போனை தூக்கி தூக்கி பாத்துட்டு இருந்தாரு. ட்ரைவர் ஸ்டியரிங் மேல கைய வெச்சுக்கிட்டு சும்மா பாத்துட்டே இருந்தாரு, ஒரு வார்த்தை பேசல. ரெண்டேகால் மணிக்கு மந்தை அப்படியே திரும்பி புல்லு மேய போயிடுச்சு. ஒண்ணுகூட ஆத்துல எறங்கல. அதுங்க எப்ப எறங்கும்னு அதுங்களுக்கே தெரியாதுன்னு ட்ரைவர் சொல்லிட்டு வண்டிய எடுத்தாரு.

எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா எங்க ப்ரோஷர்ல "நாள் 4: ஆற்றைக் கடக்கும் அற்புதக் காட்சி"ன்னு தடிச்ச எழுத்துல இருக்கு, அத டைப் அடிச்சது நான். ஜூலைல இருந்து அக்டோபர் வரைக்கும் மந்தை மாரா பக்கம் இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, அவ்வளவுதான் உண்மை. வாய்ப்ப நான் டைம்டேபிளா மாத்தி வித்திருக்கேன்.

அதுக்கப்புறம் வர்ற பார்ட்டிகிட்ட மொத கேள்வியே மாத்திட்டேன். எத்தன பார்க்னு கேக்குறத விட்டுட்டு எத்தன ராத்திரின்னு கேக்குறேன். நாலு பார்க் கேட்டா ரெண்ட வெட்டுறேன், மாராவுக்கு ரெண்டு ராத்திரிய நாலாக்குறேன். லேசுல ஒத்துக்க மாட்டாங்க. 2024ல இருந்து மாரால வெளிநாட்டுக்காரங்களுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 டாலர் நுழைவு கட்டணம், மத்த மாசம் 100, அதுவும் காலை ஆறுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும்தான். ஒரு ராத்திரி கூட்டுனா குடும்பத்துக்கு எவ்வளவு ஏறும்னு கால்குலேட்டர்ல போட்டு காட்டுறப்ப என் கையே நடுங்கும். சில பேரு எந்திரிச்சு பக்கத்து கடைக்கு போயிடுவாங்க, அங்க மூணே ராத்திரில நாலு பார்க் எழுதி குடுப்பாங்க.

இதுபோக சில்லறை தொல்லைங்க நெறைய. கென்யால 2017ல இருந்தே பிளாஸ்டிக் பைக்கு தடை, முறுக்கு தட்டைய பாலித்தீன் கவர்ல கட்டாதீங்க டப்பால போடுங்கன்னு நூறு தடவ சொல்லணும். நைரோபி வில்சன் ஏர்போர்ட்ல இருந்து மாராவுக்கு போற குட்டி பிளேன்ல 15 கிலோதான், அதுவும் துணி பை, சக்கரம் வெச்ச பெட்டிய ஏத்த மாட்டாங்க. சைவ சாப்பாடு பத்தி மட்டும் நான் கவலப்படுறதே இல்ல, சப்பாத்தியும் சமோசாவும் அங்க அவங்க சாப்பாடாவே ஆகி ரொம்ப காலம் ஆச்சு.

போன வாரம் புது ப்ரோஷர் டிராஃப்ட மேனேஜருக்கு அனுப்புனேன். நாள் 3, நாள் 4, நாள் 5 மூணுக்கும் "மசாய் மாரா"ன்னு மட்டும் போட்டிருந்தேன். கூப்பிட்டு, "என்னப்பா மூணு நாள காலியா விட்டிருக்க, பாக்குறவன் ஏமாத்துறோம்னு நெனைக்கப்போறான், ஏதாவது போடு" ன்னாரு. சீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பாத்துட்டு இருந்துட்டு மூணு நாளுக்கும் கீழ ஒரு வரி சேத்தேன். "காலை 6 மணி, டிபன் பார்சல்."